மயக்கத்துக்கு மயக்கம் மருந்தா?

தமிழில் ‘மயக்கம்’ என்ற சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. தலை சுற்றி விழப்போகிறவர் ‘மயக்கமாக இருக்கிறது’ என்கிறார். நினைவு தப்பியவரைப் பற்றி ‘மயங்கிவிட்டார்’ என்கிறோம். போதையில் கிடப்பவனின் நிலையும் மயக்கம்தான். எது சரி, எது பிழை என்று தெளிவு பிறக்காத மனதுக்கும் அதே சொல்தான். தலைச்சுற்று, கிறுகிறுப்பு என்று தனிச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் வீட்டுப் பேச்சில் மயக்கம்தான் முந்திக்கொள்கிறது. அறபியில் சுழலுதல் என்ற வேரிலிருந்து பிறந்த ‘துவார்’ என்ற சொல் தலைச்சுற்றைக் குறிக்கிறது. இப்னு ஸீனா தமது ‘அல்-கானூன்’ நூலில், தலை சார்ந்த நோய்களின் வரிசையில் அதைத் தனியே எடுத்துப் பேசுகிறார்.

இந்தக் கலப்பு சொல்லோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. உட்காதின் கோளாறால் நீண்டகாலமாகத் தலைச்சுற்றால் அவதியுறுவோருக்கு வழங்கப்படும் குளிசைகளிற் பல, மூளையை மந்தப்படுத்தித்தான் சுற்றலை அடக்குகின்றன. அதாவது, ஒரு மயக்கத்தை இன்னொரு மயக்கத்தால் மூடுகின்றன. சில நாட்களுக்கு என்றால் இது பெரும் அருள். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால்? ஒருவரின் வேதனையைத் தணிப்பதற்காக அவருடைய விழிப்பைக் குறைப்பது எந்த அளவுக்கு நியாயம்? அந்த அளவைத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினாக்கள் வைத்தியர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. நோயாளியோடு ஒரே கூரையின் கீழ் வாழும் ஒவ்வொருவருக்கும் உரியவை.

நோயை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது. காதின் ஆழத்தில், எலும்புக்குள்ளே, மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. நாம் தலையைத் திருப்பும்போது அத்திரவம் சற்றே பின்தங்கி, மயிரிழை போன்ற நுண்ணிய உணர் கலங்களை வளைக்கிறது. தலை எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது. வலக்காதின் செய்தியும் இடக்காதின் செய்தியும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். கண் காண்பதோடும், பாதங்களும் கழுத்தும் உணர்வதோடும் அவை பொருந்த வேண்டும். ஒரு காது மட்டும் பொய்ச்செய்தி அனுப்பத் தொடங்கினால், மூளை உலகமே சுழல்வதாக முடிவு கட்டிவிடுகிறது.

இது காதில் பிறக்கும் நோய் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நீண்ட காலம் பிடித்தது. பரிஸ் நகரில் செவிப்புலனற்றோர் நிறுவனமொன்றின் வைத்தியராக இருந்த புரோஸ்பர் மெனியர், 1861இல் அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் முன் ஒரு கட்டுரையைச் சமர்ப்பித்தார். திடீர்த் தலைச்சுற்று, வாந்தி, காதிரைச்சல், கேட்கும் திறன் குறைதல் ஆகியன சேர்ந்து வருவதற்கான காரணம் மூளையில் அல்ல, உட்காதில் இருக்கிறது என்பதே அவருடைய வாதம். அதுவரை இத்தகையோரின் மூளையில் இரத்தம் தேங்கிவிட்டதாகக் கருதி, உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிகிச்சையைச் செய்துவந்தார்கள். மெனியர் மறு ஆண்டே இறந்துபோனார். அந்நோய் இன்று அவருடைய பெயரால் அழைக்கப்படுகிறது.

காதில் பிறக்கும் தலைச்சுற்றுகள் எல்லாம் ஒன்றல்ல. மெனியர் நோயின் தாக்குதல் இருபது நிமிடம் முதல் பல மணி நேரம் வரை நீடிக்கும். வைரசினால் சமநிலை நரம்பு வீங்கும்போது ஏற்படும் சுற்றல் நாட்கணக்கில் கிடத்திவிடும். படுக்கையில் புரளும்போதும் குனிந்து நிமிரும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வந்துபோகும் சுற்றல், காதினுள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து கழன்ற சுண்ணாம்புத் துகள்களால் உண்டாவது. இந்த வேறுபாடு அறிவதற்கு மட்டுமானதன்று. எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை நாளைக்கு என்ற கேள்வி முழுவதும் இதில்தான் தங்கியிருக்கிறது.

இந்நோயாளிகளிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் இல்லை, காயம் இல்லை, இரத்தப் பரிசோதனையிலும் குறை இல்லை. சுவரைப் பிடித்து நடப்பவரைப் பார்த்து ஒருவர் ‘பிரஷர்’ என்கிறார். மற்றவர் பலவீனம் என்கிறார். மூன்றாமவர் கண்ணூறு என்கிறார். நான்காமவர், வேலைக்குப் பஞ்சி என்று நினைத்துக்கொண்டு வாய்திறவாமல் போகிறார். இந்நிலையில் வைத்தியர் எழுதித் தரும் மருந்துத் துண்டு, மருந்தைத் தருவதோடு ‘உன் நோய் மெய்’ என்ற சாட்சியத்தையும் சேர்த்தே தருகிறது. நீண்டகால நோயாளி அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பதைக் கண்டு கேலி செய்பவர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும். தம்மை நம்பிய ஒரே பொருளாக அவர் அதைக் கருதக்கூடும்.

எனவே குளிசையின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லியாக வேண்டும். தாக்குதல் வரும் வேளையில் கண்ணைத் திறந்தால் சுவர் ஓடுகிறது, மூடினால் கட்டில் ஓடுகிறது. வயிற்றில் உள்ளதெல்லாம் வெளியே வந்த பின்னும் குமட்டல் ஓய்வதில்லை. அந்நேரத்தில் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்வது குரூரமாகும். பொறுமை நோயுற்றவர் தாமாகத் தேடிக்கொள்ள வேண்டிய ஒன்று. தரையில் உறுதியாக நிற்கும் ஒருவர், தரையே நழுவும் ஒருவருக்கு அதை உபதேசிக்க முடியாது. சின்னரிசின், மெக்லிசின் போன்றவையும், புரோகுளோர்பெரசினும், டயஸிபாமும் அந்தச் சூறாவளியை அடக்கவல்லவை. முதல் ஓரிரு நாட்களுக்கு அவற்றைக் கொடுப்பதில் எவருக்கும் பிணக்கு இல்லை.

பிணக்கு அதன் பின்னர் தொடங்குகிறது. ஒரு காதின் சமநிலை உறுப்பு நிரந்தரமாகப் பழுதடைந்தாலும், மனிதன் காலமெல்லாம் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. பழுதான செய்தியைக் கணக்கில் எடுத்து, மற்றக் காதையும் கண்ணையும் கால்களையும் துணையாகக் கொண்டு, மூளை தன் கணக்கைப் புதிதாக எழுதிக்கொள்கிறது. மருத்துவர்கள் இதை ஈடுசெய்தல் என்கிறார்கள். ஆனால் மூளை இதைக் கற்க வேண்டுமாயின், பிழையை அது உணர்ந்தாக வேண்டும். தலையை அசைக்க வேண்டும், எழுந்து நடக்க வேண்டும், கொஞ்சம் சுற்ற வேண்டும். 1940களில் இங்கிலாந்தில் தலையில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த கோதோர்னும் குக்சியும் இதை அடிப்படையாக வைத்தே பயிற்சிகளை வகுத்தார்கள். முதலில் கண்ணை மட்டும் அசைப்பது, பின்பு தலையை, பின்பு இருந்து எழும்புவது, பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிவது, படியேறுவது என்று அவை படிப்படியாக விரிகின்றன. தலைச்சுற்றை வரவழைக்கும் அசைவையே திரும்பத் திரும்பச் செய்து அதை வெல்வதுதான் அவற்றின் சாரம்.

நித்திரையூட்டும் குளிசை இந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. அது சுற்றலை மந்தமாக்கும்போது, சுற்றலிலிருந்து மூளை கற்க வேண்டிய பாடத்தையும் சேர்த்தே மந்தமாக்குகிறது. மூன்று நாளைக்குத் தேவைப்பட்டது மூன்று மாதமாகும்போது, குணமடைதலே பின்தள்ளப்படுகிறது. துகள் கழன்றதால் வரும் சுற்றலில் நிலைமை இன்னும் தெளிவு. அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்லி வகுத்து 1992இல் வெளியிட்ட முறைப்படி, தலையைக் குறித்த கோணங்களில் திருப்பித் துகள்களை உரிய இடத்துக்கு நகர்த்திவிடலாம். சில நிமிடங்களில் முடியும் காரியம். இவ்வகைச் சுற்றலுக்கு அடக்கும் மருந்துகளை வழமையாகக் கொடுக்க வேண்டாமென அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டி 2008இலும், திருத்தப்பட்டு 2017இலும் கூறியது.

அடுத்து, ஆபத்துகள். ரோஷ் நிறுவனத்தின் இரசாயனவியலாளர் லியோ ஸ்டேர்ன்பாக் கண்டறிந்த டயஸிபாம், ‘வேலியம்’ என்ற பெயரில் 1963இல் சந்தைக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் மிக அதிகம் எழுதப்பட்ட மருந்துகளுள் ஒன்றாக அது மாறியது. பழக்கமாகிவிடும் என்ற உண்மை தாமதமாகவே ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இக்குடும்பத்து மருந்துகளைத் தர வேண்டாமென பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இல் அறிவுறுத்தியது. 2020இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பழக்கமாதல் பற்றியும் நிறுத்தும்போது நேரும் துன்பம் பற்றியும் மிகக் கடுமையான தரத்து எச்சரிக்கையை இவற்றின் மீது இட்டது. முதியவர்களின் உடலில் டயஸிபாம் நாட்கணக்கில் தங்கிச் சேர்ந்துகொள்கிறது. நடை தளர்கிறது, ஞாபகம் மங்குகிறது, இரவில் எழும்பும்போது கால் இடறுகிறது. விழாமல் இருப்பதற்காகக் கொடுத்த மருந்தே விழுத்தி இடுப்பெலும்பை முறித்துவிடுகிறது. புரோகுளோர்பெரசினும் சின்னரிசினும் நித்திரைக் குளிசைகள் அல்லவே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. நெடுங்காலம் எடுத்தால் கைநடுக்கமும் உடல் விறைப்பும் கொண்ட பார்க்கின்சன் போன்ற நிலையை அவை உண்டாக்கக்கூடும்.

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. டயஸிபாம் இனத்து மருந்துக்குப் பழகிய ஒருவர் திடீரென அதை நிறுத்தினால் பதற்றம், நித்திரையின்மை, சில வேளை வலிப்பு ஆகியவற்றோடு தலைச்சுற்றும் வரும். நோயாளி என்ன நினைப்பார்? ‘குளிசையை விட்டதும் பழைய நோய் திரும்பிவிட்டது’ என்றுதான் நினைப்பார். மறுபடியும் போடுவார். சுற்றல் நிற்கும். குளிசை தானே உண்டாக்கிய துன்பத்தைத் தானே தீர்த்து நன்றியையும் பெற்றுக்கொள்கிறது. நியூகாஸில் நகரில் இப்படிச் சிக்கியவர்களுக்கென 1982 முதல் 1994 வரை சிகிச்சை நிலையமொன்றை நடத்திய பேராசிரியை ஹெதர் அஷ்டன் வலியுறுத்தியது இதனைத்தான்: விடுவதாயின் மிக மெதுவாக, நோயாளியின் வேகத்தில், மாதக்கணக்கில் குறைக்க வேண்டும்.

குளிசைக்குக் கிடைக்கும் நன்றியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெனியர் நோய்க்கு உலகெங்கும் வழங்கப்படும் பீற்றாஹிஸ்டின் நித்திரையூட்டும் மருந்தன்று. ஜெர்மனியில் 221 நோயாளிகளை ஒன்பது மாதங்கள் அவதானித்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. பீற்றாஹிஸ்டின் எடுத்தவர்களுக்கும் வெறும் போலிக் குளிசை எடுத்தவர்களுக்கும் இடையே தாக்குதல்களின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. எல்லாப் பிரிவினரிலும் தாக்குதல்கள் குறைந்தே வந்தன. ஏறுவதும் இறங்குவதும் இந்நோயின் சுபாவம். உச்சத்தில் இருக்கும்போது குளிசையைத் தொடங்குகிறோம். அது இறங்கும்போது குளிசையைப் போற்றுகிறோம்.

என் சாச்சி ஒருவர் இந்நோயோடு நெடுங்காலம் வாழ்ந்தார். தலைச்சுற்றுக்கென இரவில் ஒரு குளிசை. சில வருடங்களில் அது காலையிலும் வந்து சேர்ந்தது. வீட்டார் அவரைப் பற்றிச் சொல்லும்போது, ‘இப்ப ஒரு கரச்சலும் இல்ல, அமைதியா இருக்காங்க’ என்பார்கள். அது பொய்யல்ல. வாசலில் கதிரையைப் போட்டு இருத்தினால் மஃரிபு வரைக்கும் அப்படியே இருப்பார். கறிக்கு உப்புப் போதாது என்று முன்னர் மருமகளோடு வாதாடியவர், எதைக் கொடுத்தாலும் உண்டார். ஒரு நாள் அவரிடம் சுகம் கேட்டேன். ‘இந்தக் குளிசையப் போட்டா சுத்து இல்ல மகன். ஆனா, நானும் இல்ல’ என்றார்.

அந்த வீட்டில் கெட்டவர் எவரும் இருக்கவில்லை. மகன் தொழிலுக்குப் போக வேண்டும், மருமகளுக்குப் பிள்ளைகள். குளியலறைக்குக் கைபிடித்துக் கூட்டிச் செல்ல ஆளில்லாத பகல்கள். ஆனாலும் ‘அமைதி’ என்று அவர்கள் சொன்னது யாருடைய அமைதி? தலைச்சுற்று நோயாளியைச் சுற்றுவதோடு நிற்பதில்லை. நடு இரவில் சத்தம் போட்டு வீட்டையே எழுப்புகிறது. வாந்தியைத் துடைக்க ஆள் தேடுகிறது. வெளியூர்ப் பயணங்களை நிறுத்துகிறது. இவற்றையும் சேர்த்துத்தான் குளிசை அடக்குகிறது. மருந்து ஒருவர் வாய்க்குள் போகிறது, நிம்மதி பலருக்குக் கிடைக்கிறது. இதில் இயல்பாகவே தவறில்லை. ஆனால் குளிசையைத் தொடர்வதா குறைப்பதா என்று பேசும்போது, எங்களுக்குக் கிடைத்த நிம்மதியை அவருடைய சுகம் என்று கணக்கில் எழுதிவிடுகிறோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்க்கச் சட்டவியல் இவ்விடத்தில் ஒரு நல்ல அளவுகோலைத் தருகிறது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அது உலமாக்களின் பணி. நோய்க்காக எடுக்கும் குளிசையை மதுவோடு ஒப்பிட்டு நோயாளியின் மனதைப் புண்படுத்துவோரின் பக்கமும் நான் இல்லை. ஷரீஆ பாதுகாக்க நாடும் ஐந்து அடிப்படைகளுள் உயிரோடு சேர்த்துப் புத்தியையும் இமாம் கஸ்ஸாலி வைத்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. இதனால் புத்தியை மங்கச் செய்யும் எதுவும் நியாயத்தைக் கேட்டு நிற்கிறது. நியாயம் இருந்தால் அனுமதி உண்டு. ஆனால் நிர்ப்பந்தத்தினால் கிடைக்கும் சலுகை, அந்த நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டிச் செல்லாது என்பது சட்டவியலாளர் ஒப்புக்கொண்ட விதி.

தலைச்சுற்று உள்ளவரின் தொழுகையை எடுத்துக்கொள்வோம். ருகூஃவுக்குக் குனியும்போதும் ஸுஜூதிலிருந்து தலையை உயர்த்தும்போதும் சுற்றல் கிளம்பும். அவர் இருந்து தொழலாம், சைகையால் தொழலாம். மார்க்கம் கஷ்டத்தைத் திணிக்கவில்லை. அதேவேளை, அச்சலுகையைக் காலமெல்லாம் என்று எழுதியும் கொடுக்கவில்லை. இயலாதபோது இருந்து தொழுதவர், இயலுமானபோது எழுந்து நிற்கிறார். ஒவ்வொரு வக்திலும் தன் உடலை அவர் புதிதாக அளக்கிறார். குளிசையில் நாம் செய்வது நேர்மாறு. ஒரு நாள் எழுதிய துண்டைப் பல வருடங்கள் காவிக்கொண்டு பாமஸிக்குப் போகிறோம். அன்றைய நிர்ப்பந்தம் இன்றும் இருக்கிறதா என்று எவரும் அளப்பதில்லை.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. எண்பதை நெருங்கும் ஒருவருக்கு இனி எதைக் கற்பிக்கப் போகிறீர்கள்? இருக்கும் சில காலம் சுற்றல் இல்லாமல் போகட்டுமே. விழிப்பைவிட நிம்மதியைத் தெரிவு செய்யும் உரிமை அவருக்கு இல்லையா? உரிமை இருக்கிறது. எவரும் அதைப் பறிக்கவும் கூடாது. மூளையின் கற்கும் ஆற்றல் வயதோடு முற்றாக நின்றுவிடுவதில்லை என்பது ஒருபுறமிருக்க, தெரிவு என்றால் இரு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இக்குளிசை நடையைத் தளர்த்தும், நினைவை மங்கச் செய்யும், விடுவது கடினம், வேறு பயிற்சிகளும் உள்ளன என்று அவருக்கு விளங்கும் மொழியில் எவராவது சொன்னார்களா? கிளினிக்கின் நீண்ட வரிசையில் அதற்கு நேரம் இருந்ததா? சொல்லக்கேட்டு, யோசித்து, ‘எனக்கு இது போதும்’ என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய நிம்மதி. ஒன்றும் சொல்லாமல் கையில் வைக்கப்பட்டது நமது வசதி.

முச்சக்கர வண்டி ஓட்டுபவர், மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறவர், கூரையில் ஏறி வேலை செய்பவர் ஆகியோருக்கு இக்கேள்வி வேறு விதமாக எழுகிறது. சுற்றல் வந்தாலும் ஆபத்து, குளிசையின் தூக்கத்தாலும் ஆபத்து. அந்த ஆபத்து பின் ஆசனத்தில் இருப்பவரையும் சேர்த்தது. ஒரு நாள் கூலியை இழக்க முடியாதவருக்கு ‘ஓய்வெடுங்கள்’ என்பது மருந்தாகாது. வறுமை இருக்கும் இடத்தில் குளிசைதான் மிகவும் மலிவான ஓய்வாக இருக்கிறது. ஆகையால் அதை விழுங்குபவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நீதியாகாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, இதை வாசித்துவிட்டு யாரும் குளிசையைத் திடீரென நிறுத்தக் கூடாது, பிறரை நிறுத்தச் செய்யவும் கூடாது. வைத்தியரிடம் திரும்பிச் சென்று, எந்த வகைத் தலைச்சுற்று, இம்மருந்து எவ்வளவு காலத்துக்கு, எப்படிக் குறைப்பது என்று கேட்க வேண்டும். அடுத்தது வைத்தியரால் எழுதித் தர முடியாதது. தலைச்சுற்றுப் பயிற்சியைத் தொடங்கும் முதல் வாரங்களில் நோயாளிக்கு முன்னையதைவிட அதிகமாகச் சுற்றும். விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் அவர் அதைக் கைவிட்டுவிடுவார். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். காலையில் பத்து நிமிடம், அஸருக்குப் பின் பத்து நிமிடம், கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கூடவே நடக்க வேண்டும். வாதாடினால் கேட்க வேண்டும், அழுதால் இருக்க வேண்டும்.

குளிசைக்கு மாற்று என்பது உண்மையில் இன்னொரு மனிதரின் நேரம்தான். அந்த நேரத்தைக் கொடுக்கத் தயாரில்லாதவர், ‘எதற்கு இவ்வளவு குளிசை?’ என்று கேட்கும் தகுதியையும் இழக்கிறார். கொடுக்கத் தயாராக இருப்பவர் கேட்கலாம். அவர் கேட்கும்போது நோயாளியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிசையை விட்டு, அந்தக் கையைப் பிடிக்கத் துணிவார்.